தம்பி கூப்பிட்டார், சரி. தம்பி மனைவி?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 72. பினாங்கு ஆயர் ஈத்தாமில் பிறந்து வளர்ந்தவள். 1972-இல் இங்கிலாந்துக்கு வந்து, மருத்துவமனையோடு சேர்ந்த ஒரு பள்ளியில் மூன்று வருடம் பிசியோதெரபி படித்தேன். வார்டுகளில் வேலை பார்த்தேன், பிறகு ஆசிரியர் பயிற்சியும் முடித்து, ஓய்வு பெறும்வரை பிசியோதெரபி மாணவர்களுக்குக் கற்பித்தேன். எண்பதுகளில் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிக்கொண்டேன். பழைய மலேசியப் பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. கணவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. மகன் லண்டனில், மகள் பிரிஸ்டலில், நான் லீட்ஸில் தனியாக இருக்கிறேன். போன டிசம்பரில் சமையலறையில் விழுந்தேன், பெரிதாக ஒன்றுமில்லை.

தம்பி ஆயர் ஈத்தாமிலேயே மாடிவீடு வாங்கியிருக்கிறான். "அக்கா, மேல் அறை சும்மாதான் கிடக்கு, வந்துடு" என்று பேசும்போதெல்லாம் சொல்கிறான். தைப்பூசத்துக்கு வரப்போகிறேன். இங்குள்ள வீட்டை விற்றுவிட்டு அப்படியே தங்கிவிடலாமா என்று யோசனை. கற்றதையெல்லாம் பினாங்கில் இலவசமாகச் சொல்லிக்கொடுக்க ஆசை. மகன் "பைத்தியக்காரத்தனம்" என்கிறான். மகள் ஒன்றும் சொல்வதில்லை. வரலாமா? வந்தால் கற்பிக்க விடுவார்களா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், லீட்ஸ்)

அன்புள்ள அம்மா,

வாருங்கள். ஆனால் வீட்டை விற்றுவிட்டு வராதீர்கள், தம்பி வீட்டு மேல் அறைக்கும் வராதீர்கள். திரும்பிப் போகும் தேதி போட்ட டிக்கெட்டோடு, மூன்று மாதத்துக்கு, லிஃப்ட் உள்ள அடுக்குமாடியில் ஒரு வாடகை வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். மீதியெல்லாம் காரணங்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட் இல்லை. பினாங்கில் முதியவர்கள் உள்ள குடும்பங்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர். மருத்துவமனையிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது பற்றி உங்கள் துறைக்காரர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி, அவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. வாசலில் எத்தனை படி? கட்டில் எவ்வளவு உயரம்? குளியலறையில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பகலில் வீட்டில் யார், ராத்திரி யார்? விழுந்தால் தூக்க யார் வருவார்கள்? இதெல்லாம் தெரியாமல் அவர்கள் யாருக்கும் பயிற்சித் தாளை நீட்ட மாட்டார்கள். நீங்கள் காலமெல்லாம் மாணவர்களுக்கு வலியுறுத்திச் சொன்ன பாடமும் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். வெட்டிய பகுதியில் மாணவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றுக்குக்கூட உங்களைப் பற்றிய பதில் இல்லை. விழுந்ததைப் பற்றி ஒரே ஒரு வரி.

ஆகவே அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன். 72 வயதுப் பெண் ஒருவர் சொந்தச் சமையலறையில், சமதரையில் விழுந்திருக்கிறார். அதை ஒரு மாணவர் "பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதிக்கொண்டு வந்திருந்தால் என்ன மதிப்பெண் போட்டிருப்பீர்கள்? டிக்கெட் எடுப்பதற்கு முன் உங்கள் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் போய் விழுந்ததைச் சொல்லுங்கள். படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அதில் எது தலையைச் சுற்றவைக்கும் என்று பார்க்கட்டும். கண் பரிசோதனை, வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி ஸ்கேன் பற்றியும் கேளுங்கள். இங்கிலாந்து வெயிலில் நம்மைப் போன்ற தோல் நிறம் உள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைவது சகஜம் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஸ்கேனுக்குக் காசு கேட்க மாட்டார்கள், இங்கே கேட்பார்கள். அப்புறம், நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் அந்தச் சோதனையை மகளைக் கடிகாரம் பார்க்கச் சொல்லி நீங்களே செய்து பாருங்கள். (12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்பதை மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) அதன் முடிவைத் தம்பிக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அடுத்தது, அலமாரியில் இருக்கும் பாஸ்போர்ட்.

மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவரின் குடியுரிமையைப் பறிக்க அரசமைப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. நீங்கள் இங்கே யாருக்கும் தெரிவிக்காமல் இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் போனவர்கள் பலர் அப்படித்தான். "யாருக்கு அக்கா தெரியப்போவுது, பழைய ஐசியை (அடையாள அட்டையை) காட்டினா ஒரு ரிங்கிட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்துக்கலாம்" என்று சொல்ல உறவில் நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த ஒரு ரிங்கிட் குடிமக்களுக்கு உள்ள கட்டணம். குடியுரிமை வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு மலேசிய வழக்கறிஞரிடம் முதலில் பேசிவிட்டு, லண்டனில் உள்ள மலேசியத் தூதரகம் வழியாக இதை முறையாக முடித்துக்கொள்ளுங்கள். துறந்த குடியுரிமையைத் திரும்பப் பெற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். அதை நம்பித் திட்டம் போடுவது சரிவராது.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் வந்தால் விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். 90 நாள் முடியும்போது எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய் வரை போய்விட்டுத் திரும்பினால் இன்னொரு 90 நாள் கிடைக்கும் என்று சொல்வார்கள். கிடைக்கவும் கிடைக்கலாம். ஆனால் எல்லையில் நிற்கும் அதிகாரி ஒருநாள் "இங்கேயே குடியிருக்கிறீர்களா?" என்று கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். இந்த வயதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பயத்தோடு பஸ் ஏற வேண்டுமா?

நிரந்தரமாகத் தங்கப் பலர் நாடுவது 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம். 2002-இல் தொடங்கியது, 2024-இல் விதிகள் மறுபடி மாறின. இப்போதுள்ள சில்வர் பிரிவுக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்க வேண்டும், குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்க வேண்டும். அனுமதி 5 வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் உரிமம் பெற்ற முகவர் வழியாகத்தான் போகும். லீட்ஸ் வீட்டை விற்றால் இந்தப் பணம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் இங்கே பணத்தைப் போட்டு வீட்டையும் வாங்கிய பிறகு, இரண்டாம் வருடமே "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று தோன்றினால் வெளியே வருவது சுலபமில்லை. முன்னாள் குடிமகள், தம்பி குடிமகன் என்ற அடிப்படையில் வேறு அனுமதிக்கு வழி உண்டா என்பதையும் குடிநுழைவுத் துறையிடம் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எதுவும் பின்னால் உதவாது.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை உங்கள் மகனே கணக்குப் போட்டுத் தருவார். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியத்தை மலேசியாவில் இருந்தும் வாங்கலாம். ஆனால் இங்கே குடியேறிவிட்டால் ஏப்ரல் தோறும் வரும் உயர்வு கிடைக்காது, குடியேறிய நாளில் என்ன தொகையோ அதிலேயே நின்றுவிடும். 72 வயதில் உறைந்த தொகையை 85 வயதில் வாங்கும்போது அதன் மதிப்பு என்னவாக இருக்கும் என்று பாருங்கள். நீங்கள் வேலை பார்த்துச் சேர்த்த ஓய்வூதியம் வேறு கணக்கு. அரசுத் துறை ஓய்வூதியங்களுக்கு எந்த நாட்டில் இருந்தாலும் உயர்வு வரும். உங்கள் காலத்துப் பிசியோதெரபிப் பள்ளிகள் மருத்துவமனைகளை விட்டுப் பல்கலைக்கழகங்களுக்குள் போனபோது ஆசிரியர்கள் பலரின் ஓய்வூதியமும் இரண்டாகப் பிரிந்திருக்கும். உங்களுடையது எந்தெந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று கடிதம் வாங்கி வையுங்கள்.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். விஷயம் இன்னும் முக்கியம். அங்கே குடியிருப்பவர் என்பதால்தான் மருத்துவமனைச் சிகிச்சை இலவசம், இத்தனை வருடம் வரி கட்டினீர்கள் என்பதால் அல்ல. நிரந்தரமாக வெளியேறிவிட்டு, இடுப்பு அறுவை சிகிச்சைக்கு மட்டும் போய் வரலாம் என்று நினைத்தால் பில் வரும். இங்கேயோ, 72 வயதில் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுப்பது கடினம், கிடைத்தாலும் பிரீமியம் எகிறும். பினாங்கு தனியார் மருத்துவமனைகள் நல்லவைதான், சுமத்ராவிலிருந்தே ஆட்கள் சிகிச்சைக்கு வந்து போகிறார்கள். ஆனால் வாசலிலேயே முன்பணம் கேட்பார்கள். பிரிட்டனில் மகனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், அது இங்கே வங்கியில் தானாகச் செல்லுபடியாகாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். கடிதத்தில் உங்கள் தம்பி திரும்பத் திரும்ப வருகிறார். அவர் சின்ன வயதில் செய்த குறும்புகள்கூட இருக்கின்றன. அவருடைய மனைவியைப் பற்றி ஒரு வரி இல்லை. பெயர்கூட இல்லை.

மேல் அறை சும்மா கிடக்கிறது என்று சொல்வது தம்பி. அந்த அறையைக் கூட்டிப் பெருக்கி, படுக்கை விரித்து, காலையில் மூன்றாவது டம்ளர் காப்பி போடப்போவது யார்? நீங்கள் கால் பிசகிப் படுத்தால் மாடிக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறப்போவது யார்? தம்பி மனைவிக்கு வயது என்ன, அவர் முழங்கால் எப்படி இருக்கிறது, அவருடைய அம்மாவோ அக்காவோ அவரை நம்பி இருக்கிறார்களா? உங்கள் துறையில் 'பராமரிப்பவர்' என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொல்வீர்களே, இந்த வீட்டில் அந்தக் கட்டத்தில் வரப்போவது அவர் பெயர். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் அண்ணன் தம்பிகள் மனதார அழைத்திருக்கிறார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு வருடத்தில் வீட்டில் பேச்சுக் குறைந்துபோகும். யாரும் சண்டை போடவில்லை, யார் மேலும் குற்றமும் இல்லை. அழைத்தவரின் மனைவியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளில் கணவனின் அக்கா வருகிறார் என்றால் "வேண்டாம்" என்று சொல்லும் இடத்தில் எந்தப் பெண்ணும் இல்லை. ஆகவே அவர் "வாங்க அண்ணி" என்று சொன்னாலும் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். தம்பி பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவரிடம் பேசுங்கள். "வரவா?" என்று கேட்டால் "வாங்க" என்றுதான் பதில் வரும். "நான் பக்கத்தில் தனியாக ஒரு வீடு எடுத்துக்கொண்டு, வாரத்தில் ஓரிரு நாள் சாப்பாட்டுக்கு வந்தால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

வீட்டின் அமைப்பையும் பாருங்கள். இங்குள்ள மாடிவீடுகள் பலவற்றில் கீழே படுக்கையறை கிடையாது. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். குளியலறைத் தரை டைல்ஸ், நாள் முழுக்க ஈரம். வெளியே வந்தால் தாமான் (குடியிருப்புப் பகுதி) ரோட்டோரம் திறந்த சாக்கடை. ஜார்ஜ் டவுன் பக்கம் போனால் அஞ்சடி (கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதை) இருக்கிறது, வெயிலுக்கு நல்ல நிழல்தான், ஆனால் கடைக்குக் கடை தரை மட்டம் மாறும். நடுவே மோட்டார் சைக்கிள், அடுப்பு, மேசை நாற்காலி. 2008-இல் உலகப் பாரம்பரிய நகரம் ஆனதால் சுற்றுலாக்காரர்கள் அந்த அஞ்சடியைப் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். கைத்தடியோடு அதில் நடக்கும் பாட்டியைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நீங்கள் போனபோது இந்தத் தீவுக்குப் பாலமே இல்லை, முதல் பாலம் 1985-இல், இரண்டாவது 2014-இல். கார் இல்லாமலும் அந்தப் பினாங்கில் வாழ முடிந்தது. இப்போது பஸ் இருந்தும், கார் ஓட்டாத முதியவர்கள் யாராவது கூட்டிப்போக வேண்டும் என்று காத்திருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். லீட்ஸில் நீங்களே பஸ் ஏறி, நூலகம் போய், கடைக்குப் போய் வருகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சுதந்திரம் இங்கே முதல் வாரத்திலேயே குறையும். அதற்கு ஈடாக இங்கே என்ன கிடைக்கிறது என்பதை வந்து இருந்து பார்த்தால்தான் தெரியும்.

கற்பிக்க விடுவார்களா என்ற கேள்விதான் உங்களுக்கு முக்கியம் என்று தெரியும். அதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் கோபப்படாதீர்கள்.

மலேசியாவின் இணை சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிச் சிகிச்சை தர அந்தச் சட்டத்தின்கீழ் உள்ள மன்றத்தில் பதிவும், செல்லுபடியாகும் தொழில் சான்றிதழும் வேண்டும். பிரிட்டனில் இத்தனை வருடம் கற்பித்தவர் என்பதால் விலக்கு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரின் முதுகில் கை வைத்து "இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள்" என்பதும் யோசித்துச் செய்ய வேண்டியதே. இதைக் கேட்டு உங்களுக்கு எரிச்சல் வரலாம், வரக் கூடாது. உங்கள் பிரிட்டிஷ் பிசியோதெரபிச் சங்கத்தை 1894-இல் நான்கு செவிலியர்கள் சேர்ந்து தொடங்கியதே, மசாஜ் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் தங்கள் தொழிலின் பெயரைக் காப்பாற்றத்தான். இங்கே அந்த வேலி இப்போதுதான் போடப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டி நீங்களே குதித்தால் நன்றாக இருக்காது.

சுற்றுலா அனுமதியில் வந்து கல்லூரியில் வகுப்பு எடுக்கவும் முடியாது. சம்பளம் வாங்கவில்லை என்பதாலேயே அது வேலை இல்லை என்று குடிநுழைவு அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. எந்த அமைப்பில் தொண்டு செய்வதானாலும், முதலில் அந்த அமைப்பு உங்களுக்கான அனுமதியைக் கேட்டு வாங்கட்டும்.

சரி, அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதா? நிறையச் செய்யலாம், ஆனால் நீங்கள் நினைத்த வடிவத்தில் இல்லை. இங்கே இளம் பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள், தசை எலும்பெல்லாம் நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு வராதது, ஆயர் ஈத்தாம் பாட்டி ஒருவருக்கும் அவர் மருமகளுக்கும் பத்து நிமிடத்தில் தமிழில் புரியவைப்பது. பக்கவாதம் வந்த கணவரை எழுப்ப மனைவி என்ன செய்கிறார்? விளங்காத கையைப் பிடித்து இழுக்கிறார், இல்லாவிட்டால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார். கொஞ்ச நாளில் தோள்பட்டை இறங்கி வலி தொடங்குகிறது, அப்புறம் அந்தக் கையைத் தொடவே விடுவதில்லை. வீடு திரும்பும் நாளில் ஒரு தாள் கொடுத்திருப்பார்கள், மலாயிலோ ஆங்கிலத்திலோ. தமிழில் உள்ள தாள்கள் என் கண்ணில் அரிதாகவே படுகின்றன, அவற்றிலும் சில அந்த அம்மாவுக்கு விளங்காத தமிழ். தரையில் விழுந்தவர் தானே எப்படித் திரும்பி, முழங்காலிட்டு, நாற்காலியைப் பிடித்து எழுவது? நியூசிலாந்தின் ஒட்டாகோ பயிற்சிகள், வீட்டிலேயே செய்து விழுவதைக் குறைப்பவை, அவற்றை நம் வீட்டுக் கூடத்தில் சோபாவைப் பிடித்துக்கொண்டு செய்ய எப்படிச் சொல்லித்தருவது? இதெல்லாம் ஆசிரியர் வேலை. நோயாளியை நீங்கள் தொட வேண்டியதே இல்லை. பதிவு பெற்ற இளையவர்கள் தொடட்டும், சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

1996-இல் ஜேனட் இயோ என்பவர், தானே பக்கவாதத்திலிருந்து மீண்டவர், தொடங்கிய மலேசியத் தேசிய பக்கவாதச் சங்கத்துக்குப் பினாங்கிலும் மையம் இருக்கிறது. உங்கள் அனுபவத்தைச் சொல்லி அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த வேலையில் பெரும்பகுதிக்கு நீங்கள் பினாங்கில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. காணொளி அழைப்பில் வாரம் ஒரு நாள், லீட்ஸ் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தே தொடங்கலாம். நேர வித்தியாசம் 7 அல்லது 8 மணி. அங்கே மதியம் என்றால் இங்கே வேலை முடிந்த நேரம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஏக்கம் ஊர் மேலா, வகுப்பு மேலா என்று எனக்குச் சந்தேகம். கடிதத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் ஒரு இடத்தில் வருகிறது, தம்பி வீட்டுச் சமையல் ஒரு இடத்தில். மற்றபடி முழுக்க, முதல் தேர்வில் தோற்றுப்போய்ப் பிறகு உங்கள் வேலைக்கே வந்த மாணவர், கால் எலும்புகளைப் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்த வகுப்பு என்றே போகிறது. கணவர் போனதும் வகுப்பு போனதும் சில வருட இடைவெளியில் நடந்திருக்கின்றன. வகுப்புக்கான ஏக்கத்தோடு வீட்டை விற்றுவிட்டு வந்து, ஆயர் ஈத்தாமில் மாடியறையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்க நேர்ந்தால் என்ன ஆகும்? ஆகவே வகுப்பை முதலில் தொடங்குங்கள். மாணவர்கள் கிடைத்த பிறகும் பினாங்கு இழுத்தால், அந்த இழுப்பை நம்பலாம்.

உங்கள் மகன் சொன்ன வார்த்தை கடுமையானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்னது 'எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகிறேன்' என்ற திட்டத்தைப் பற்றி. 'மூன்று மாதம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், வீடு அப்படியே இருக்கும், சாவி உன்னிடம்' என்று சொன்னால் அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். (வீடு பூட்டிக் கிடக்கும் விஷயத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள். பல பாலிசிகளில் தொடர்ந்து ஒன்றிரண்டு மாதம் ஆள் இல்லாவிட்டால் சிக்கல் வரும்.) எனக்கு மகனைவிட மகளைப் பற்றித்தான் யோசனை. ஒன்றும் சொல்லாதவர்கள் சம்மதிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. விழுந்த அன்று நீங்கள் முதலில் போன் செய்தது யாருக்கு?

கடைசியாக, தேதி. தைப்பூசத்துக்கு வாருங்கள், தாராளமாக. ஆனால் தைப்பூசத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த வாரம் எல்லா வீட்டிலும் ஆள், தண்ணீர்மலை வழியெல்லாம் பந்தல், எந்தத் தெருவில் நின்றாலும் சாப்பாடு, பள்ளித் தோழி ஒருத்தியாவது எதிரில் வருவாள். யாருக்கும் அப்படியே தங்கிவிடத் தோன்றும். தண்ணீர்மலைக் கோயிலின் 513 படி ஏறுவதா வேண்டாமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் கலைந்த பிறகும் இருங்கள். சீனப் புத்தாண்டு முடியட்டும், தம்பி தன் வேலையைப் பார்க்கப் போகட்டும், மார்ச் மாத வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு உங்களைத் தேடி யாரும் வராமல் இருக்கட்டும். அன்றைக்கு என்ன செய்தீர்கள், எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 90 நாளுக்குள் முடியும்படி ஏப்ரலில் திரும்புவதாக டிக்கெட் போடுங்கள்.

வாடகை வீடு பற்றிக் கேட்டால் என்னால் உதவ முடியும். ஃபார்லிம் பக்கம் லிஃப்ட் உள்ள அடுக்குமாடிகள் இருக்கின்றன, தம்பி வீட்டிலிருந்து அதிக தூரமும் இருக்காது. குளியலறைக் கைப்பிடி போட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். ஆனால் ஜி.பி. என்ன சொன்னார், தம்பி மனைவி என்ன சொன்னார், இந்த இரண்டையும் முதலில் எழுதுங்கள். அதன் பிறகு வீடு தேடலாம்.